நிலுவையில் விட்ட பீர்க்கங்காய்

பீர்க்கங்காய் முற்றிவிட்டால் அதை யாரும் வாங்குவதில்லை. பெரிய மார்க்கெட்டில் நகத்தால் லேசாக அழுத்திப் பார்ப்போம். நகம் இறங்கவில்லை என்றால் காயைக் கூடையிலேயே திரும்பப் போட்டுவிடுவோம். விற்கிற அம்மாவும் சண்டைக்கு வரமாட்டார். மிஞ்சியது மாட்டுக்குப் போகும். அப்படி ஒதுக்கப்பட்ட காயின் தோலை உரித்து, உள்ளே இருக்கும் நார்க்கூட்டைக் காயவைத்து, பளபளக்கும் உறையில் போட்டு, 'லூஃபா' என்று பெயர் ஒட்டி வைத்தால் நம் ஊர்க் கடற்கரைப் பக்கத்துக் கடைகளில் ஒன்று 120 ரூபாய். போன மாதம் விலை கேட்டுவிட்டு வந்தேன், வாங்கவில்லை. வீட்டிலேயே பதினொன்று தொங்கிக்கொண்டிருந்தது.

நான் 38 ஆண்டுகள் புதுவை அரசில் எழுத்தராக வேலை பார்த்தவன். 'நிலுவை' என்ற சொல்லைக் கேட்டால் இன்றும் எனக்கு வயிற்றைக் கலக்கும். மாதம் பிறந்தால் நிலுவைப் பட்டியல் எழுதவேண்டும். எந்தக் கோப்பு எத்தனை நாளாகக் கிடக்கிறது, ஏன் கிடக்கிறது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் கண்டுபிடித்து எழுதவேண்டும். ஓய்வு பெற்ற பிறகு தெரிந்துகொண்ட ஒன்று, நிலுவையில் விட்டால்தான் நடக்கிற காரியங்களும் உலகத்தில் இருக்கின்றன என்பது. பீர்க்கங்கூடு அதில் ஒன்று. பறிக்கவேண்டிய காயைப் பறிக்காமல், வேண்டுமென்றே, தேதி குறித்து வைத்துக்கொண்டு கொடியிலேயே விடுகிற வேலை அது.

பீர்க்கில் நமக்குத் தெரிந்தவை இரண்டு. மேலே வரிவரியாகக் கூர்மையான முகடுகள் உள்ள சமையல் பீர்க்கு ஒன்று. வரி இல்லாமல் சுரைக்காய் போல வழவழவென்று நீளமாக இருப்பது இன்னொன்று. சிலர் இதை நுரைப்பீர்க்கு என்பார்கள். முற்றினால் இரண்டுமே நார்க்கூடு தரும். வரிப்பீர்க்கின் நார் கொஞ்சம் முரடு, பாத்திரத்துக்குச் சரி. உடம்புக்கு வழவழப்பான வகைதான் நல்லது. இரண்டுக்கும் பூவிலேயே வித்தியாசம் உண்டு. வரிப்பீர்க்கு சாயங்காலம் பூக்கும். நுரைப்பீர்க்கு விடியற்காலையில் பூக்கும். பூவைப் பார்த்துவிட்டுக் காப்பி குடிக்கப் போவதா, காப்பி குடித்துவிட்டுப் பூவைப் பார்க்கப் போவதா என்பது நீங்கள் எதை வளர்க்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

லூஃபா என்பது ஏதோ வெள்ளைக்காரன் கண்டுபிடித்த பொருள் என்று நம் பிள்ளைகள் நினைக்கிறார்கள். அது 'லூஃப்' என்ற அரபுச் சொல். ஐரோப்பியத் தாவர அறிஞர்கள் எகிப்தில் இந்தக் கொடியைப் பார்த்துப் பெயரை எடுத்துக்கொண்டார்கள். நான் படித்தது பிரெஞ்சு வழியில். சின்ன வகுப்பில் எங்களுக்கு 'லெசோன் து ஷோஸ்' என்று ஒரு பாடம் உண்டு. பொருட்பாடம் என்று சொல்லலாம். ஒரு பொருளை மேசைமேல் வைத்து, இது என்ன, எதனால் ஆனது, எதற்குப் பயன்படும் என்று கேட்பார்கள். ஒருநாள் வாத்தியார் பஞ்சு போன்ற ஒன்றை வைத்தார். கடலிலிருந்து எடுப்பது 'எபோன்ழ்', அதாவது கடற்பஞ்சு. பக்கத்தில் இன்னொன்றை வைத்து, இது சூடான நாடுகளில் கொடியில் காய்க்கும் 'எபோன்ழ் வெழேத்தால்', தாவரப் பஞ்சு என்றார். எனக்குத் தெரிந்த பிரெஞ்சை எல்லாம் திரட்டி எழுந்து நின்று, "முசியே, இதை எங்கள் வீட்டில் கூட்டு வைப்போம்" என்றேன். வகுப்பு முழுக்கச் சிரித்தது. வாத்தியாரும் சிரித்தார். ஆனால் பிறகு என்னைக் கூப்பிட்டு, தமிழில் அதற்கு என்ன பெயர் என்று கேட்டுக் குறித்துக்கொண்டார்.

அந்தப் பெயர் அவருக்கு முன்பே கடல் தாண்டிப் போயிருந்தது. புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் கரும்புத் தோட்ட வேலைக்கு ரெயூனியன் தீவுக்குக் கப்பலேறிப் போன நம் மக்கள், பீர்க்கங்காயையும் அங்கே கொண்டு சேர்த்தார்கள். இன்றைக்கும் அந்தத் தீவின் கிரியோல் பேச்சில் அது 'பிப்பங்காய்'. மொரீசியசிலும் அப்படித்தான் சொல்கிறார்கள். மொழி மறந்துபோன பேரப்பிள்ளைகளின் வாயில் காயின் பெயர் மட்டும் தமிழாக மிஞ்சியிருக்கிறது.

இன்னொரு செய்தியும் சொல்லவேண்டும். இரண்டாம் உலகப் போருக்கு முன் இந்த நார்க்கூட்டைப் பெருமளவில் வெளிநாடுகளுக்கு அனுப்பிய நாடு ஜப்பான். அமெரிக்கக் கடற்படைக் கப்பல்களின் நீராவி எந்திரங்களில் இது வடிகட்டியாகப் பயன்பட்டது. சண்டை வந்ததும் சரக்கு நின்றுபோய்த் தட்டுப்பாடு ஆகிவிட்டது. நம் கொல்லையில் கவனிப்பாரில்லாமல் தொங்கிய காய், ஒரு போர்க்கப்பலுக்கு வேண்டியிருந்தது.

எங்கள் வீட்டில் அது என் அக்காவின் பொருள். அம்மா இறந்தபோது எனக்கு ஏழு வயது, அக்காவுக்குப் பதினேழு. எனக்குக் கீழே இன்னும் இரண்டு பேர். அப்பாவுக்கு மில்லில் மாற்றி மாற்றி ஷிப்ட். சனிக்கிழமை காலையில் அக்கா எங்கள் மூன்று பேரையும் கிணற்றடியில் வரிசையாக உட்காரவைத்து, எண்ணெய் தேய்த்து, சீயக்காய் போட்டு, பீர்க்கங்கூட்டால் முதுகைத் தேய்ப்பாள். அழுக்கு போகிறதோ இல்லையோ, தோலில் பாதி போய்விட்டது போலிருக்கும். கத்துவோம். "இன்னும் ரெண்டு தேய் தேய்ச்சாத்தான்டா பிரெஞ்சுக்காரன் பள்ளிக்கூடத்துல சேத்துப்பான்" என்பாள். எங்களை ஆளாக்கி முடிக்கட்டும் என்று அவள் கல்யாணத்தைத் தள்ளிவைத்தார்கள். பிறகு அந்தப் பேச்சே நின்றுபோனது. நான் எழுதிய எந்த நிலுவைப் பட்டியலிலும் அது வராது.

கடைசிவரை அக்கா எங்களோடுதான் இருந்தாள். 2019இல் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்த பிறகு அவளைக் குளிப்பாட்டுவது என் மனைவியின் பொறுப்பாயிற்று. கடையில் விற்கும் நைலான் தேய்ப்பான் அவளுக்கு எரிந்தது. "பீர்க்கங்கூடு கெடைச்சா ஒண்ணு வாங்கியாடா தம்பி" என்றாள். கடையில் வாங்கியது வெள்ளைவெளேரென்று இருந்தது, ஏதோ மருந்து வாசனை அடித்தது. அதற்காகத்தான் முத்தியால்பேட்டை வீட்டின் பின்பக்கம் இருந்த எட்டடி மண்ணில் நான் கொடி வைக்க ஆரம்பித்தேன்.

வைக்க நினைப்பவர்களுக்கு என் நோட்டுப் புத்தகத்திலிருந்து சொல்கிறேன்.

பருவம்தான் முதல் விஷயம். பீர்க்குக்கு ஆடிப்பட்டம், தைப்பட்டம் என்று இரண்டு உண்டு. கறிக்கு ஆடியில் போடுங்கள், கூட்டுக்குத் தையில் போடுங்கள். காரணம் இதுதான். விதை போட்டு ஏறக்குறைய இரண்டு மாதத்தில் பெண் பூ வரும். பூவிலிருந்து பத்து நாளில் கறிக்கு ஆகிற காய் கிடைத்துவிடும். ஆனால் அதே காய் முற்றிக் கூடாவதற்கு மேலும் இரண்டு மாதமாவது வேண்டும். ஆடியில் போட்டால் அந்த இரண்டு மாதமும் ஐப்பசி, கார்த்திகை மழையில் போய் விழும். காய் கொடியிலேயே அழுகும். தையில் போட்டால் முற்றுகிற காலம் கத்திரி வெயில். நம்மை வாட்டுகிற வெயில் காயை உலர்த்திக் கொடுத்துவிடும்.

விதையின் ஓடு கெட்டி. ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்துப் போடவேண்டும். ஒரு முழ ஆழக் குழியில் மக்கிய சாணி உரம் கலந்து, மூன்று விதை போட்டு, முளைத்த பிறகு தெம்பானதை விட்டு மற்றதை எடுத்துவிடலாம். கொடி இருபது, முப்பது அடி ஓடும். பந்தல் அவசியம். காய் தொங்கினால்தான் நேராக வளரும். தரையில் கிடந்தால் கோணும், அழுகும். நான் மாடிக் கைப்பிடிச் சுவரிலிருந்து மூங்கிலும் கம்பியும் வைத்துப் பந்தல் கட்டினேன்.

ஆண் பூ கொத்தாக வரும். பெண் பூ தனியாக, பின்னால் விரல் நீளத்துக்கு ஒரு குட்டிக் காயோடு வரும். தேனீ வராத மொட்டை மாடியில் காலையில் ஓர் ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவின் நடுவில் தொட்டுவிட்டால் போதும். பிஞ்சில் பழ ஈ குத்திவிடும். பழைய வேட்டித் துணியில் சின்னப் பை தைத்துப் பிஞ்சுக்கு மாட்டிவிடுவாள் என் மனைவி. இலையில் சிவப்பு வண்டு வந்தால் அதிகாலைப் பனி ஈரத்தில் அடுப்புச் சாம்பலைத் தூவலாம்.

ஒரு எச்சரிக்கை. கறிக்குப் பறிக்கும்போது காயின் நுனியைக் கிள்ளி நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் எறிந்துவிடுங்கள். கசப்பு பீர்க்கு வாந்தி, வயிற்றுப்போக்கு எல்லாம் கொடுக்கும்.

எங்கள் வீட்டில் ஒவ்வொரு வருஷமும் இந்தக் கொடியின் கீழே ஒரு வழக்கு நடக்கும். நான் ஒரு காயில் சிவப்பு நூல் கட்டி, இது நிலுவை என்பேன். என் மனைவி, "என்னங்க, இவ்வளவு எளசா இருக்கு, துவையலுக்குப் பறிச்சுக்கிறேன்" என்பாள். அவள் வாதத்திலும் நியாயம் இருந்தது. பறிக்கப் பறிக்கத்தான் கொடி புதிதாகப் பூக்கும். காயை முற்றவிட்டால், வந்த வேலை முடிந்தது என்று கொடி சோம்பிவிடும். எனவே சமரசம் செய்துகொண்டோம். ஒரு கொடிக்கு ஐந்தாறு காய் எனக்கு, மற்றதெல்லாம் சமையலறைக்கு. அக்கா கட்டிலில் படுத்தபடி தீர்ப்புச் சொல்வாள். பெரும்பாலும் தீர்ப்பு துவையல் பக்கமே இருக்கும்.

2024 ஆடியில் என் மனைவி கறிக்காக ஒரு கொடி போட்டிருந்தாள். அதில் உயரத்தில், கைக்கு எட்டாமல் நான்கு காய் நன்றாகப் பருத்துவிட்டது. பச்சையாகவே இருந்தது, முற்றவில்லை. நவம்பர் 30ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் வந்தது. ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டிய மழை அது. புதுவையில் இருந்தவர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. மின்சாரம் இல்லை. தெருத் தண்ணீர் திண்ணை வரை வந்தது. அக்காவின் கட்டில் கால்களுக்குக் கீழே செங்கல் வைத்து உயர்த்தினோம். ராத்திரி முழுக்க அவள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தாள். காலையில் மாடிக்குப் போனால் பந்தல் இல்லை. கொடி பக்கத்து வீட்டுச் சுவரில் கிடந்தது. அந்த நான்கு காய் மட்டும் தண்ணீரில் மிதந்தது.

எறிய மனம் வரவில்லை. கொதிக்கிற தண்ணீரில் கொஞ்ச நேரம் போட்டு எடுத்து, உள்ளங்கையால் உருட்டி நசுக்கி, தோலை உரித்துப் பார்த்தேன். முற்றிய காயில் தோல் தானாகக் கழன்று வரும். இதில் நகக்கண் வலிக்க வலிக்கச் சுரண்ட வேண்டியிருந்தது. விதையெல்லாம் வெள்ளையாக, முளைக்காத பருவம். ஆனால் உள்ளே இருந்த நார், நான் அதுவரை பார்க்காத அளவுக்கு மெல்லிசு. காய்ந்து பழுப்பானால் நார் விறைக்கும், பச்சையில் எடுத்தால் மிருதுவாக இருக்கும் என்பது அன்றைக்குக் கையால் தொட்டுத் தெரிந்தது. அக்காவின் தோல் அப்போது வெங்காயச் சருகு மாதிரி ஆகியிருந்தது. வீட்டுக்கு வந்து பார்க்கும் நர்ஸ், எதையும் வைத்து அழுத்தித் தேய்க்கக்கூடாது, முதுகுக்கு ஈரத் துணி போதும் என்று முன்பே சொல்லியிருந்தார். இந்தப் புதுக் கூட்டை அவரிடம் காட்டினேன். வெந்நீரில் நன்றாக ஊறவைத்து, உள்ளங்காலுக்கும் குதிகாலுக்கும் மட்டும் மெதுவாகப் போடலாம் என்றார்.

வெயில் எட்டிப்பார்த்த முதல் நாள் என் மனைவி ஒரு துண்டை ஊறவைத்து அக்காவின் காலில் வைத்தாள். அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். பேச்சு அப்போது குறைந்துவிட்டது. கொஞ்ச நேரம் கழித்து, "அழுத்தித் தேய்டி" என்றாள். அவ்வளவுதான்.

மார்கழி முதல் வாரத்தில் அக்கா போய்விட்டாள். 84 வயது. வரவேண்டியவர்கள் வந்தார்கள், காரியம் முடிந்தது. அந்த வருஷம் எங்களுக்குப் பொங்கல் இல்லை. பந்தலும் இல்லை. யாருக்காக வளர்த்தோமோ அவளே இல்லாதபோது இனி எதற்குக் கொடி என்று எனக்கு இருந்தது. வாயைத் திறந்து சொல்லவில்லை. தை பிறந்து பத்தாவது நாள் காலையில் சமையலறை மேடையில் ஒரு கிண்ணத்தில் ஏழெட்டுக் கறுப்பு விதைகள் ஊறிக்கொண்டிருந்தன. முந்தைய கோடையில் நான் எடுத்து ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு வைத்த விதை. என் மனைவியைப் பார்த்தேன். "மூங்கிலுக்குச் சொல்லிட்டேன். பதினோரு மணிக்கு வருவான்" என்றாள்.

இந்த வருஷம் அவள் துவையலுக்குக் காய் கேட்கவே இல்லை. நானாகப் பறித்துக் கொடுத்ததை மட்டும் சமைத்தாள். சிவப்பு நூல் கட்டிய காய்களில் பாதிக்கு மேல் அவள் கட்டியவை. பதினொன்று. ஆனி பிறந்ததும் ஒவ்வொன்றாக நிலுவை தீர்த்தோம்.

பறிக்கும் நாளைக் காய் தானே சொல்லும். பச்சை போய் மஞ்சளாகி, பழுப்பாகி, கையில் எடுத்தால் கனமே இருக்காது. ஆட்டினால் உள்ளே விதை கலகலக்கும். நுனியை வெட்டிக் கவிழ்த்துத் தட்டினால் விதை கொட்டும். மொறமொறவென்று காய்ந்த தோலைக் கையாலேயே உடைத்து எடுக்கலாம். ஒட்டிக்கொண்டிருந்தால் ஒரு ராத்திரி தண்ணீரில் போட்டு வையுங்கள். பிறகு துவைக்கிற கல்லில் மெதுவாக அடித்து, கொழகொழப்பும் நுரையும் நிற்கும் வரை தண்ணீர் மாற்றி மாற்றி அலசவேண்டும். கடையில் உள்ளது போல வெள்ளையாக்க மருந்து எதுவும் வேண்டாம். இரண்டு நாள் நல்ல வெயில் போதும், இளம் சந்தன நிறம் வரும்.

குளிக்க, நீளவாக்கில் வெட்டி நடுத்தண்டை எடுத்துவிட்டு விரித்துக்கொள்ளுங்கள். பாத்திரத்துக்கு வட்ட வட்டமாக நறுக்கலாம். காய்ந்திருக்கும்போது முள் மாதிரி இருக்கும், வெந்நீரில் ஊறினால் இளகும். ஒவ்வொரு முறையும் உதறி வெயிலில் போடவேண்டும். குளியலறை ஈரத்திலேயே கிடந்தால் கிருமி சேரும். ஒரு மாதம் ஆனால் குளிக்கிற துண்டைப் பாத்திரத்துக்கு மாற்றிவிடலாம், அதுவும் தேய்ந்தால் செடிக்கு உரமாகப் போடலாம். சர்க்கரை வியாதி உள்ளவர்களும், தோல் மெலிந்த முதியவர்களும் டாக்டரைக் கேட்காமல் காலில் தேய்க்கவேண்டாம். உடம்பில் புண் இருந்தால் தொடவே கூடாது.

பதினொன்றில் இரண்டு நர்ஸ் அம்மாவுக்குப் போனது. அவர் இப்போது வேறு தெருவில் ஒரு பாட்டியைப் பார்த்துக்கொள்கிறார். பாட்டிக்கென்று ஒரு காயைப் பச்சையிலேயே உரித்துக் கொடுத்தோம், என் மனைவியின் யோசனை. தம்பி, தங்கை வீடுகளுக்கு இரண்டிரண்டு. தங்கை வாங்கிக் கையில் வைத்துப் பார்த்துவிட்டு, முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். அவளுக்கு 69 வயது. இரண்டு பேரும் சிரித்தோம்.

விதை நிறைய இருக்கிறது. எண்ணிப் பத்துப் பத்தாகப் பொட்டலம் கட்டி, ஒவ்வொன்றின் மேலும் 'தையில் போடவும்' என்று எழுதி வைத்திருக்கிறேன். இந்தப் பக்கம் வருகிறவர்கள் ஒன்று எடுத்துக்கொண்டு போகலாம்.